ஆபீஸ் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது, உபயப் பட்டியல் பத்திரம்



தைப்பூசத்துக்குப் பதிவு செஞ்சவங்க, "எங்க பேரு இருக்கா? மறுபடி கட்டணுமா?"ன்னு வாட்சப்பில் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. முதலில் பதில்: எல்லார் பேரும் இருக்கு. யாரும் இரண்டாவது தடவை கட்ட வேண்டாம். என்ன நடந்ததுன்னு சொல்றோம், உங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் உதவும்.

புதன்கிழமை மாலை இடி மழையில் கரண்ட் போச்சு. அந்த நேரம் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கிட்டு இருந்தது. கரண்ட் வந்த பிறகு பார்த்தா நீலத் திரைதான். தானே பழுது பார்க்கிறேன்னு சொல்லும், அணையும், திரும்பவும் அதே. பால்குடம், காவடி, அன்னதான உபயம் எல்லாமே அதுக்குள்ளே. தீபாவளிக்கு எடுத்த நகல் கையில் இருந்தது, ஆனால் தைப்பூசப் பதிவு தொடங்கியதே அதற்கப்புறம்தான்.

கடையில் கேட்டோம். "ஃபார்மட் பண்ணிடலாம்" என்றார்கள். பண்ணினால் கம்ப்யூட்டர் வரும், பட்டியல் வராது. கணவர் பெயரில் வருஷா வருஷம் உபயம் கட்டும் பாட்டியிடம் போய், "கட்டினீங்களா, ரசீது காட்டுங்க"ன்னு எந்த முகத்தோடு கேட்பது?

நம்ம தொண்டர் தம்பி ஒருவர் விளக்கினார். விண்டோஸ் தன் அமைப்புகளை எல்லாம் ரெஜிஸ்ட்ரி என்ற இடத்தில் எழுதி வைக்கும். சிஸ்டம், சாஃப்ட்வேர் போன்ற சில கோப்புகள்தான் அது. எழுதும்போது கரண்ட் போனால் கெட்டுப் போகலாம். கோயிலில் சாமான் எல்லாம் அப்படியே இருக்கு, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு எழுதின புத்தகம் மட்டும் கிழிஞ்சு போச்சு, அந்த மாதிரி. பட்டியலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றார்.

வேறொரு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் ஏற்றி, அதிலிருந்து கிளப்பினோம். 'இன்ஸ்டால்' பக்கம் போகவே இல்லை, 'ரிப்பேர்' மட்டும். முதல் வேலை பழுது பார்ப்பது இல்லை, பட்டியலைக் காப்பாற்றுவது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நோட்பேட் என்று தட்டினால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் போனால் டிரைவ் எல்லாம் தெரியும், காப்பி எடுக்கலாம். நம்ம சி டிரைவ் அங்கே டி என்று காட்டியது, பயப்பட வேண்டாம். பட்டியல் வெளியே வந்ததும்தான் எல்லாரும் மைலோ குடிச்சோம்.

அடுத்து ரெஜிஸ்ட்ரி. ரெக்பேக் என்ற ஃபோல்டரில் பழைய நகல் இருக்கும்னு பலர் சொல்வாங்க. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அது தானாக நகல் எடுப்பதில்லை, உள்ளே பார்த்தால் எல்லாம் 0. நமக்குக் கைகொடுத்தது சிஸ்டம் ரீஸ்டோர். அப்டேட்டுக்கு முந்தின ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தோம், இராத்திரி பதினொன்றுக்கு விண்டோஸ் திறந்தது.

இனி ஒவ்வொரு வெள்ளியும் பூஜை முடிந்ததும் பட்டியல் நகல் இரண்டு இடத்தில் வைக்கப்படும். உங்களிடம் மூன்று வேண்டுகோள்:

1. உபய ரசீதைத் தைப்பூசம் முடியும் வரை பத்திரமா வச்சிருங்க.
2. வீட்டுக் கம்ப்யூட்டரில் சிஸ்டம் ப்ரொடெக்ஷன் ஆன் பண்ணி வையுங்க. பிட்லாக்கர் இருந்தால் அதன் ரெக்கவரி கீயையும் எழுதி வையுங்க, பழுது பார்க்கும்போது கேட்கும்.
3. ஆபீசுக்கு ஒரு யூபிஎஸ் உபயம் செய்ய விரும்புவோர் ஆலய ஆபீசில் சொல்லலாம்.

இரண்டு இராத்திரி கண்முழித்த தம்பிகளுக்கும், பசியாற கொண்டு வந்து கொடுத்த அக்காமார்களுக்கும் நன்றி. பால்குடத்தன்று பார்ப்போம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!