உதிர்வதும் வெட்டுவதும்

போன மாசியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பஞ்சாயத்து. திருவொற்றியூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு முன்னால் ஒரு பாதாம் மரம் இருக்கிறது. இலையெல்லாம் சிவந்து, சில நாளிலேயே கொட்டி, மொட்டையாக நின்றது. வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மரம் பட்டுப்போச்சும்மா, வெட்டிடலாம்" என்றார் அம்மாவிடம்.

எனக்கு உடனே ஸ்கூலில் மனப்பாடம் செய்த ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. டெசிஜுவஸ். 'இலையுதிர்' என்று எழுதி மார்க் வாங்கியதோடு மறந்துபோன வார்த்தை!

சரி, என்னதான் அர்த்தம் என்று தேடினேன். லத்தீனில் 'தேகிதெரே' என்றால் கீழே விழுதல். அதிலிருந்து பிறந்து, 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. இலைக்கு மட்டுமில்லை, விழுந்து முளைக்கும் நம் பால்பல்லுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். ஆக, விழுந்தால் திரும்ப வரும் என்பதும் அந்த வார்த்தைக்குள் வந்துவிட்டது.

பாடப்புத்தகத்தில் இலை குளிருக்கு உதிரும். நம்ம ஊரில் ஏது குளிர்? ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் மாதக்கணக்கில் வறட்சி. இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மரமே இலையைக் கழற்றிவிடுகிறது. அதற்கு முன் இலையில் இருக்கும் சத்தில் ஒரு பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு காம்படியில் ஒரு மெல்லிய அடுக்கு உண்டாகி, இலை தானே கழன்றுவிடும். நம்ம தியாகராஜர் கோயில் தலமரமான மகிழம் பசுமை மாறா மரம். அதுவும் இலை உதிர்க்கும், ஆனால் ஒரேயடியாக இல்லை. அதனால் நமக்குத் தெரிவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. முடிவெடுப்பதைக் குறிக்கும் 'டிசைட்' என்ற வார்த்தை 'தேகீதெரே'யிலிருந்து வந்தது. அதற்கு அர்த்தம் வெட்டுதல்! 'கி' குறிலானால் விழுவது, 'கீ' நெடிலானால் வெட்டுவது. லத்தீன்காரர்கள் இரண்டையும் ஒரே எழுத்தில்தான் எழுதினார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கும் அதே குழப்பம்தான்.

லத்தீன் கதையை அவரிடம் சொன்னால் நடக்குமா? ஒரு சின்னக் கிளையின் பட்டையை நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை. "ஒரு மாசம் டைம் குடுங்க அங்கிள்" என்றேன். "சரி, பாக்கலாம்" என்றார்.

மூன்றே வாரத்தில் துளிர் விட்டது. இப்போது அந்த நிழலில்தான் அவர் பைக் நிற்கிறது :-)

உங்கள் தெருவிலும் மொட்டை மரம் இருந்தால், வெட்டும் முன் ஒருமுறை கீறிப் பாருங்கள்.