பட்டாளத்து டாக்டர் வீட்டுத் திண்ணையில்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஆலப்பாக்கம் தாண்டி, கடல் பக்கமாகத் திரும்பினால் அந்த ஊர். ‘பட்டாளத்து டாக்டர் வீடு’ என்றால் சின்னப் பையன்கூட வழி காட்டுகிறான். ராணுவ மருத்துவப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். திண்ணைதான் கிளினிக்.

நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், நடவு வயலில் இருந்து ஒரு பெண்ணை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். கணுக்காலில் பாம்புக்கடி. சேலைத் துணியைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருந்தது.

“யாருய்யா கட்டச் சொன்னது?” என்று அதட்டியவர், 108க்குப் போன் போடச் சொன்னார். கட்டை ஒரேயடியாக அவிழ்க்கவில்லை; நாடியைப் பார்த்தபடி மெல்லத் தளர்த்தினார். “கண்ணை மேல தூக்கிப் பாரும்மா. எச்சிலை முழுங்கு. உம் பேரச் சொல்லு.” இமை சரிகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்க்கிறாராம்.

பிறகு ஒரு புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து நிறுத்தினார். 20 நிமிடம் ஆட்டக்கூடாது. அப்புறம் சாய்த்தால் ரத்தம் உறைந்திருக்க வேண்டும். தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் குழாய் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவியதும் ஆகாது. மற்றபடி மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

“கையில இருக்கிறதை வச்சுப் பார்க்கிற வைத்தியம். பட்டாளத்துல கத்துக்கிட்டது” என்றவர், ரங்கராஜ் கதைக்குப் போனார். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். 1950 நவம்பரில் 60வது பாராசூட் கள மருத்துவப் பிரிவோடு கொரியப் போருக்குப் போனார். சண்டை போட அல்ல, சிகிச்சைக்கு. அடுத்த மாதமே பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்க உத்தரவு. வண்டி கிடையாது. மருந்தையும் கருவிகளையும் போட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. ஆளில்லாமல் நின்ற ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பி, படையில் இருந்தவர்களையே ஓட்டவைத்து, பாலம் தகர்க்கப்படுவதற்குள் தெற்கே வந்து சேர்ந்தார்கள். 1951 மார்ச் 23 அன்று அமெரிக்கப் படையோடு முன்சானில் குதித்தார். மகாவீர் சக்ரா கிடைத்தது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப்பட்டது, அவர் பிறகு செய்த வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பு ஆலோசகராக இருந்தார். அங்கே நாட்டு வைத்தியர்கள் அம்மைப் பொருக்கையே எடுத்துக் கீறி வைக்கும் வழக்கம் இருந்தது. அதிலிருந்தே நோய் பரவியது. மலை கிராமங்களில் அந்த வழக்கத்தை நிறுத்தி அம்மை குத்த வைப்பது எஞ்சின் ஓட்டுவதைவிடக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். தென்கொரியா 2020 ஜூலையில் அவரைப் போர் நாயகராகக் கௌரவித்தது. இங்கே எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

நேரமாகிவிட்டது. டாக்டர் குழாயைச் சாய்த்தார். உறைந்திருந்தது. “அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாங்களா?” என்றார் உடன் வந்தவர்.

“போவக் கூடாது. நல்ல பாம்பும் கட்டு விரியனும் நரம்பைத்தான் பிடிக்கும். அது இந்தக் குழாயில தெரியாது.” சொல்லி முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டி நானும் சிதம்பரம் அரசு மருத்துவமனை வரை போனேன். இரவு முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று வார்டில் சேர்த்தார்கள். சாயங்காலம் அந்த அம்மா நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.