நாற்பது கால் பூச்சி

நாற்பது கால் உள்ள பூச்சி ஒன்று உங்களுக்குத் தெரியுமா நண்பர்களே? 1980-ல் இன்டெல் கம்பெனி பெற்றெடுத்த 8051 தான் அது! இன்றும் அதன் வாரிசுகள் நம் புராஜெக்ட் போர்டுகளில் குந்தியிருக்கின்றன. ஒரு காலைத் தப்பான இடத்தில் மாட்டினாலும் இந்தப் பூச்சி கத்தாது, கடிக்காது, சும்மா கிடக்கும். ராத்திரி முழுக்க முழித்திருப்பது நாம்தான்.

ரெடிமேட் கிட் என்றால் கவலையில்லை. நாமே சர்க்யூட் வரைந்து பி.சி.பி. செய்யக் கொடுக்கும்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும். எங்களுடையது நாலு பேர் மிச்சம் பிடித்துப் போட்ட காசு. காப்பரை அரித்த பிறகு ரப்பர் வைத்து அழிக்க முடியுமா?

"கம்ப்யூட்டரே செக் பண்ணி 'எரர் இல்லை'ன்னு சொல்லிடுச்சு. என் மேல நம்பிக்கை இல்லையாடா?" வரைந்த நண்பனுக்குக் கோபம். நியாயமான கோபம்தான். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரிவது, ஒயர் தொங்குகிறதா இல்லையா என்பது போன்ற சங்கதிகள்தான். உதாரணம், 31-வது கால், ஈ.ஏ. புரோகிராம் சிப்புக்குள்ளேயே இருந்தால் அது 5 வோல்ட்டுக்குப் போக வேண்டும். கிரவுண்டில் மாட்டினால், இல்லாத வெளி மெமரியில் புரோகிராமைத் தேடி அலையும். இரண்டுமே இணைப்புதான், சாஃப்ட்வேருக்கு இரண்டும் ஒன்றே.

எனவே ஒரு ஏற்பாடு செய்தோம். வரைந்தவன் படத்தைத் தொடக்கூடாது; டேட்டா ஷீட்டை மட்டும் வாசிக்க வேண்டும். நாங்கள் பிரிண்ட் எடுத்த படத்தில் ஒயரை விரலால் தொடர்ந்து போய், சேருமிடத்தைச் சொல்லி, சிவப்புப் பென்சிலால் டிக் போடுவோம்.

"ஒன்பது, ரீசெட்." கெப்பாசிட்டர் 5 வோல்ட் பக்கம், ரெசிஸ்டர் கிரவுண்ட் பக்கம். சரி. மாறியிருந்தால் சிப் ரீசெட்டிலேயே தவம் கிடக்கும்.

"பத்து, ஆர்.எக்ஸ்.டி." மேக்ஸ் 232-ன் 11-க்குப் போகிறது. "பதினொண்ணு, டி.எக்ஸ்.டி." அங்கே 12-க்கு.

வாசித்தவன் நிறுத்திவிட்டான். மேக்ஸ் 232-ல் 11 உள்ளே வாங்குவது, 12 வெளியே தருவது. எனவே டி.எக்ஸ்.டி. 11-க்கும் ஆர்.எக்ஸ்.டி. 12-க்கும் போயிருக்க வேண்டும். 8051-ன் போர்ட் கால்கள் இருவழிப்பாதை என்பதால் கம்ப்யூட்டர் ஆட்சேபிக்கவில்லை. பென்சிலை வாங்கி அவனே திருத்தினான். யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவன் குரல்தான் உரக்கக் கேட்டது. போர்ட் 0 தலைகீழ் வரிசை. 39-ல் தொடங்கி 32-ல் முடியும். உள்ளே புல்-அப் கிடையாது, எல்.சி.டி. மாட்ட வெளியே 10 கிலோ ஓம் வேண்டும். 40-க்கும் 20-க்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட், சிப்பை ஒட்டி. சதுர வடிவச் சிப் வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை: அதற்கு 44 கால்கள், எண்களே வேறு. ஈ.ஏ. அங்கே 35!

வரைந்தவன் கண்ணுக்கு, வரைய நினைத்ததுதான் தெரியும். அது திறமைக் குறைவு அல்ல, கண்ணின் பழக்கம். ஆகவே ஜூனியர் தம்பி தங்கைகளே, அடுத்தவர் படத்தைச் சரிபார்க்கக் கூச்சப்படாதீர்கள். உங்கள் படத்தை நீட்டவும் கூச்சப்படாதீர்கள். ஒரு சிவப்புப் பென்சில் எந்தப் பி.சி.பி.யைவிடவும் மலிவு!