கல் விழவில்லை

கல் எதுவும் விழவில்லை. மேலிருந்து ஒரு கல் உருண்டு வந்து கயிற்றுப் பட்டையை அறுத்துவிட்டது என்று நான் சொன்னது பொய். காலாப்பட்டில் பலர் அதை நம்பியிருக்கிறார்கள். செஞ்சியில் என்னிடம் பாறையேற்றம் பழகிய பிள்ளைகளுக்கு அதையே பாடமாகவும் நடத்தியிருக்கிறேன். மலையில் எல்லாம் நம் கையில் இல்லை என்று சொல்லி முடிப்பேன். அன்று எல்லாம் என் கையில்தான் இருந்தது.

என்னோடு கயிற்றில் இருந்தவனை இங்கே தம்பி என்றே எழுதுகிறேன். அவனை அப்படித்தான் கூப்பிடுவேன். பெயரை அச்சில் போடலாமா என்று அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மீனவர் குடும்பம். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவோடு ஃபைபர் படகில் போய்க்கொண்டிருந்தான். நான் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் என் வீடு, இந்தப் பக்கம் அவன் வீடு. வடக்கே போய் மலையேற்றத்தில் அடிப்படைப் பயிற்சியும் மேல்நிலைப் பயிற்சியும் முடித்துச் சான்றிதழ் வாங்கியவன் நான். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில்.

திண்டிவனம் வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் செஞ்சி. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அங்கே ஏற முடியாது. ஊருக்கு வெளியே கிடக்கும் பாறைகளில்தான் பழகுவோம். 1750இல் புதுச்சேரிப் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்த கதையைப் போகிற ஒவ்வொரு முறையும் சொல்வேன். நாமும் புதுச்சேரிக்காரன்தானே என்று முடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அது வெறும் வேடிக்கை இல்லை.

தம்பி முடிச்சுப் போடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன். நான் கற்றுக்கொடுத்த எட்டு முடிச்சை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு போட்டான். அதை நான் பாராட்டவில்லை. கயிறு உன் தொழில்தானே என்றேன்.

லாஹவுலில் இருக்கிறது மியார் பள்ளத்தாக்கு. மியார் ஆறு உதய்ப்பூரில் சந்திரபாகாவோடு சேர்கிறது. ராஜஸ்தான் உதய்ப்பூர் அல்ல, இமாச்சலத்தில் அதே பெயரில் இருக்கும் சிற்றூர். 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு மணாலியிலிருந்து அங்கே போவது எளிதாகிவிட்டது. பட்டாணியும் உருளைக்கிழங்கும் விளையும் வயல்களைத் தாண்டினால் கஞ்சர் என்ற கடைசி ஊர். அதற்கப்புறம் புல்வெளி, பனியாறுகள், அவற்றின் இரு கரையிலும் ஐயாயிரம் மீட்டரைத் தாண்டும் கருங்கல் கோபுரங்கள். 1990களில் இத்தாலியர்கள் வந்து ஏறத் தொடங்கிய பிறகுதான் பாறையேறிகளுக்கு இந்த இடம் தெரிந்தது. மழைமறைவுப் பகுதி என்பதால் ஆகஸ்டிலும் ஏறலாம். நாங்கள் தேர்ந்தெடுத்தது ஒரு பக்கப் பனியாற்றுக்கு மேல் நின்ற பெயரில்லாத பாறைத் தூண்.

இரண்டே பேர் போதும் என்று முடிவு செய்தது நான். பீட்டர் போர்டுமனும் ஜோ டாஸ்கரும் 1976இல் 6,864 மீட்டர் உயரமுள்ள சாங்கபாங்கின் மேற்குச் சுவரை இரண்டே பேராக ஏறினார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குள் ஒரு கிறுக்கு. அவர்கள் இருவருமே தேர்ந்த ஏறிகள், ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கத் தயங்காதவர்கள். எங்கள் கயிற்றின் ஒரு முனையில் அண்ணன், மறுமுனையில் தம்பி. மறுத்துப் பேச முடியாத ஆளைத்தான் நான் துணைக்குத் தேர்ந்தெடுத்திருந்தேன். முகாமில் கஞ்சர்க்காரர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவர் சமையலுக்கு, ஒருவர் சுமைக்கு.

பாதித் தூண் ஏறுவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. மேகம் இறங்கியது. திரும்புவோம் என்றேன். அது சரியான முடிவு. அன்று நான் எடுத்த சரியான முடிவு அது ஒன்றுதான்.

இறங்கும் முறையைச் சொன்னால்தான் என் குற்றம் விளங்கும். பாறையில் உறுதியான ஓரிடத்தில் ஒரு பட்டையைச் சுற்றுவோம். அதில் ஒரு வளையம். வளையத்துக்குள் கயிற்றை நுழைத்து இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, அதைப் பிடித்துச் சறுக்கி இறங்குவோம். எல்லோரும் இறங்கியதும் ஒரு முனையை இழுத்தால் கயிறு வந்துவிடும். பட்டையும் வளையமும் மலையிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஏதாவது ஒரு சாமானை மலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

நாங்கள் நின்ற இடத்தில், துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறையில், முன்னால் வந்த யாரோ விட்டுப்போன நைலான் பட்டை கிடந்தது. வளையமும் இருந்தது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். முடிச்சுக்குள் மட்டும் அந்தச் சிவப்பு மிச்சமிருந்தது. வெளியே சாம்பல் நிறம். என் பையில் புதுத் துணைக்கயிறு சில மீட்டர் இருந்தது. கத்தி இடுப்பில் இருந்தது. அறுத்துக் கட்ட ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தக் கயிறு அடுத்த ஏற்றத்துக்கு என்று நான் ஒதுக்கி வைத்திருந்தது.

தம்பி பட்டையை விரலால் மடக்கிப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். மாவு போல ஏதோ உதிர்ந்தது.

"அண்ணே, இது வெயில் தின்ன கயிறு. கருவாடாட்டம் வெறச்சுக் கெடக்கு. இத நம்ப வேணாம்ணே."

"இது மலை, தம்பி. உங்க வலை இல்ல."

அப்படியே சொன்னேன். குரலைக்கூட நினைவிருக்கிறது. கடற்கரையில் வெயிலில் கிடந்த நைலான் என்ன ஆகும் என்று அவனுக்குச் சிறு பிள்ளையிலிருந்து தெரியும். எந்தக் கயிற்றைப் படகில் ஏற்றலாம், எதைக் கொடியாகக் கட்டத்தான் லாயக்கு என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள் அவன் வீட்டில். மலையில் நிலைமை அதைவிட மோசம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். ஐயாயிரத்தில் கிடக்கும் பட்டை காலாப்பட்டு மணலில் கிடப்பதைவிட வேகமாகச் செத்துப்போகும். இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். அவனுக்குக் கையால் தெரியும். குப்பத்துப் பையன் சொல்லி, சான்றிதழ் வாங்கியவன் கேட்பதா என்பதுதான் என்னைத் தடுத்தது. வேறு பெயர் வைத்து இதை மறைக்க மாட்டேன்.

இனி எழுதப்போவது இதைவிடக் கேவலமானது. அந்தப் பட்டையை நானும் நம்பவில்லை.

நம்பவில்லை என்பதால்தான் பக்கத்து வெடிப்பில் ஒரு கேமைப் பொருத்தி அதையும் கயிற்றோடு இணைத்தேன். கேம் என்பது சுருக்கி உள்ளே விட்டால் விரிந்து பாறையைக் கவ்விக்கொள்ளும் கருவி. பட்டை அறுந்தாலும் கேம் தாங்கும். இதற்கு ஒரு முறை உண்டு. கனமான ஆள் பையோடு முதலில் இறங்க வேண்டும். அவர் எடையை அந்தப் பழைய பட்டை தாங்குகிறதா என்று மேலே இருப்பவர் பார்ப்பார். தாங்கினால், எடை குறைந்தவர் கேமைக் கழற்றிக்கொண்டு கடைசியாக இறங்குவார். எடை குறைந்தவன் நான். நான்தான் கடைசியாக வந்திருக்க வேண்டும்.

நான் முதலில் இறங்கினேன். அடுத்த இடத்தை அனுபவம் உள்ளவன்தான் தேட வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது, பயம்தான் அதிகம். நான் இறங்கும்போது அந்தக் கேம் இருந்தது. பையை அவன் முதுகில் ஏற்றிவிட்டு வந்தேன்.

கீழே அகலமான ஒரு படிக்கு வந்து சேர்ந்து மேலே பார்த்துக் கத்தினேன். கேமைக் கழற்றிக்கிட்டு வா.

"இத வுட்டுட்டு வரட்டாண்ணே?"

"எட்டாயிரம் ரூபா. உங்கப்பாவா குடுப்பாரு?"

அவன் பதில் சொல்லவில்லை. கேமைக் கழற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இறங்கத் தொடங்கினான். மெதுவாக, கயிற்றைக் குலுக்காமல், காலை ஓசையில்லாமல் வைத்து வந்தான். முக்கால்வாசி தூரம் வந்துவிட்டான். இரண்டு மாடி உயரம் மிச்சம். அப்போது பட்டை அறுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. படியில் குதிகால் முதலில் பட விழுந்தான். அவன் மேல் கயிறு வந்து விழுந்தது, வளையத்தோடும் அறுந்த பட்டையோடும். படி அகலமாக இருந்ததால் அதற்குக் கீழே போகவில்லை. விழுந்த இடத்திலிருந்து அவன் கேட்டது, "கேம் பையில இருக்கு, ஒடஞ்சிருக்கான்னு பாருண்ணே." கேலியாகக் கேட்டானா என்று நெடுநாள் யோசித்தேன். இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டான்.

இடது குதிகால் நொறுங்கியது. இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒன்று நசுங்கியது. முகாமிலிருந்த இருவரும் நானுமாக அவனைக் கீழே கொண்டுவர இரவாகிவிட்டது. தொலைபேசி எடுக்காத இடம். விடியும் முன் நான் கஞ்சருக்கு ஓடினேன். ஊர்க்காரர்கள் அறுவடை வேலையைப் போட்டுவிட்டு வந்து, கட்டிலில் கட்டித் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினார்கள். காசு நீட்டியபோது மூத்தவர் ஒருவர் கையைத் தள்ளிவிட்டார். என்ன நடந்தது என்று கேட்டார். கல் விழுந்தது என்றேன். முதல் பொய் அதுதான். அதைச் சொல்வதற்கு முன்பே, ஓடி வந்த வழியில், அறுந்த பட்டையை மியார் ஆற்றில் வீசிவிட்டிருந்தேன். பதற்றத்தில் செய்ததல்ல. பாலத்தில் நின்று, சுற்றிப் பார்த்து, வீசினேன்.

குல்லுவில் டாக்டரிடம் அதையே சொன்னேன். தம்பி படுக்கையில் விழித்துக்கொண்டுதான் இருந்தான். என்னைப் பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். காலாப்பட்டில் அவன் அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உசுரோட கொண்டாந்து சேத்தீங்களே சார் என்றார். அந்தக் கையை நான் உதறவில்லை. மருத்துவச் செலவில் பாதியைக் கொடுத்தேன். அதை நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி கொடுத்தேன்.

டாட் ஸ்கின்னர் என்ற அமெரிக்கர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது என் வழக்கம். பாகிஸ்தானின் டிராங்கோ கோபுரத்தில் 1995இல் ஏறியவர், உலகின் தலைசிறந்த பாறையேறிகளில் ஒருவர். 2006 அக்டோபரில் யோசெமிட்டியில் இறங்கும்போது அவர் இடுப்புப் பட்டையின் வளையம் அறுந்து இறந்துபோனார். அது நைந்திருப்பதை உடன் ஏறியவர் சொல்லியிருந்தார், ஸ்கின்னரும் புதியதற்குச் சொல்லி வைத்திருந்தார். மியாருக்குப் போகும் முன்பும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், வந்த பிறகும் சொல்லியிருக்கிறேன். ஸ்கின்னர் தன் உயிரைத்தான் அந்தப் பழைய வளையத்தில் தொங்கவிட்டார்.

தம்பியால் இப்போது நடக்க முடியும். அலையில் ஆடும் படகில் நிற்க முடியாது. குதிகால் வளைந்து கொடுக்க மாட்டேன் என்கிறது. முதுகு வலிக்கு மாத்திரை. ஏலம் போடும் இடத்தில் கணக்கு எழுதுகிறான். அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். படகில் ஆள் குறைந்ததால் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த சின்னவன் படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு போகிறான். அவனுக்கு இயந்திரங்கள் மேல் அவ்வளவு ஆசை. இந்தக் கணக்கில் பாதிச் செலவை யார் கொடுக்க முடியும்?

சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டை, கேம், நான் முதலில் இறங்கியது, பாலம். அவர் கையில் இருந்த வலை ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"வந்த அன்னிக்கே சொல்லிட்டான் சார். நீங்களா சொல்வீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தோம்."

அத்தனை நாளும் என்னைப் பார்த்தபோதெல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொன்னவர் அவர். அம்மா உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. எப்போது போனாலும் தேநீர் கொடுப்பார்கள், அன்று கொடுக்கவில்லை. தம்பி வாசலில்தான் உட்கார்ந்திருந்தான். உன்கிட்ட மன்னிப்புக் கேட்கணும் என்றேன். "என்கிட்ட அப்புறம் கேளுண்ணே. சின்னவனுக்கு இன்னும் தெரியாது. சொன்னா அடிப்பான்னு நாங்கதான் சொல்லல" என்றான்.

சின்னவன் ஆழ்கடலுக்குப் போயிருக்கிறான். வந்ததும், இந்த இதழ் கடைக்கு வருவதற்கு முன், நானே போய்ச் சொல்வதாக அவன் அண்ணனிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.