அர்ஜுனன் பார்க்காதது

புணேயில் நாங்கள் இருக்கும் விமான் நகரில் மொட்டை மாடிக்குப் போனால் நாலா பக்கமும் மொட்டை மாடிகள்தான். பெயருக்கேற்ப அடிக்கடி விமானச் சத்தம். போன கோடையில் அந்த மாடியில் என் மகன் குறுக்குவில் பழகத் தொடங்கினான். வயது 16. கைக்கு அடக்கமான வில். இழுவிசை 80 பவுண்டு. அதற்கு ஓர் இலக்கு தேடித் தருவது என் பொறுப்பாயிற்று.

தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு இந்த வில் முற்றிலும் புதிதல்ல. மதுரைக் கோட்டை மதிலில் தானே வளைந்து அம்பு எய்யும் பொறி இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த அம்பு எங்கே போய் நிற்கும் என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

ஃபிரிட்ஜோடு வந்த தெர்மகோல் பலகைகளை அடுக்கிக் கட்டி, வட்டம் வரைந்து, துணி காயப்போடும் ஸ்டாண்டில் சாய்த்து வைத்தேன். முதல் கணை நடுவட்டத்துக்குப் பக்கத்தில் பட்டது. கைதட்டினேன். கணையைக் காணோம். பலகையைத் துளைத்துக்கொண்டு போய், பின்னால் இருந்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் குத்தி நின்றது. நீர் பீச்சியடித்தது. பத்து நிமிடம் முன்பு அந்தத் தொட்டிக் குழாயில் கீழ்வீட்டுச் சிறுமி கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

மேலே ஓடிவந்த அவளுடைய தாத்தா கத்தவில்லை. "லக்ஷ் குடே ஹோதே?" என்று மட்டும் கேட்டார். மராத்தியில் 'லக்ஷ்ய' என்றால் இலக்கு. 'லக்ஷ்' என்றால் கவனம். கவனம் எங்கே இருந்தது? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

பிறகுதான் விவரம் தெரிந்த ஒரு பயிற்சியாளரிடம் போனேன். குறி தப்பினால் என்ன ஆகும் என்று முதலில் யோசியுங்கள், வட்டம் வரைவது அப்புறம் என்றார். இலக்கின் வேலை கணையை நிறுத்துவது. இறுக்கி அடுக்கிய ஃபோம் தகடுகள் உராய்வினால் கணையைப் பிடித்துக்கொள்ளும். துணி திணித்த பை சாதாரண முனைக்குப் போதும்; அகன்ற பிளேடு முனை அதைக் கிழித்துவிடும். வில்லம்புக்கென்று விற்கும் இலக்கெல்லாம் குறுக்குவில்லுக்குத் தாங்காது. வேட்டைக்கென்று செய்த பெரிய குறுக்குவில்லிலிருந்து கணை விநாடிக்கு 90 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும். எந்த வேகம்வரை தாங்கும் என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரே புள்ளியில் அடித்துக்கொண்டிருந்தால் நல்ல இலக்கும் அந்த இடத்தில் நைந்து ஓட்டையாகிவிடும். எது வாங்கினாலும் பின்னால் மண்மேடு கட்டாயம். கணையைப் பிடுங்கும்போதும் பின்னால் ஆள் நிற்கக்கூடாது.

துரோணர் வைத்த தேர்வில் அர்ஜுனனுக்கு மரம் தெரியவில்லை, மனிதர் தெரியவில்லை, பறவையின் கண் மட்டுமே தெரிந்தது. சிறு வயதில் எத்தனை முறை கேட்டு வியந்த கதை! எய்கிறவனுக்கு அது சரி. இலக்கை வைக்கிறவளுக்கு மரமும் தெரிய வேண்டும், மரத்துக்குப் பின்னால் நிற்பவரும் தெரிய வேண்டும்.

இப்போது மாடியில் வில்லை எடுப்பதில்லை. ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே, அந்தப் பயிற்சியாளரின் மைதானத்துக்குப் போகிறோம். மண்மேட்டுக்கு முன்னால் ஃபோம் இலக்கை வைத்துவிட்டு, சுற்றிலும் ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வருவேன்.

"அம்மா, எய்யலாமா?" என்பான்.

இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் தலையசைப்பேன்.