மீதி ஆறு கோயில் எப்போ ரிலீஸ்?

அக்காவிடமிருந்து காலை ஆறு மணிக்கு போன் வந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, ஊரில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அல்லது, அவள் பையன் ஏதோ கிளப்பிவிட்டான். இந்த முறை இரண்டாவது.

"டேய், இவன் வேலையை விடப் போறானாம்டா! கம்ப்யூட்டர்ல ஏதோ கேம் பண்ணப் போறானாம். நீ பி.காம். படிச்சவன்தானே... வரவு செலவு எடுத்துச் சொல்லு. நீ சொன்னா கேப்பான்."

நான் சொன்னால் எங்கள் தெரு ஆட்டோக்காரர்கூடக் கேட்கமாட்டார். இருந்தாலும் அக்கா சொல் தட்டமுடியுமா? ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ரயில் ஏறினேன். சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி பளபளவென்று விரிந்தது. செங்கல்பட்டு வந்துவிட்டது என்று பயணிகளுக்குச் சொல்வது ஸ்டேஷன் போர்டு அல்ல, இந்த ஏரிதான். 1752-ல் ராபர்ட் கிளைவ் இங்கிருந்த கோட்டையைப் பிடித்தான். நான் பிடிக்க வந்தது 24 வயதுப் பையன் ஒருவனை. கிளைவிடம் பீரங்கி இருந்தது. என்னிடம் ஒரு பால்பாயின்ட் பேனா!

பையன் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவன் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பது உத்தியோகம்.

"அம்மா அனுப்பிச்சாங்களா மாமா?" என்றான் எடுத்த எடுப்பில்.

"சேச்சே! சும்மா மகாபலிபுரம் போகலாம்னு..."

குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவன் தொழில் என்றேனே. சிரித்துக்கொண்டே பஸ் ஏறினான்.

*

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் பாடம் எடுக்க ஆரம்பித்தான். அவனுக்குப் பிடித்தது மாயாஜால ரோல் ப்ளேயிங் கேம். நாமே கதாநாயகனாகி, ஒரு கற்பனை தேசத்தில் ஊர் ஊராக அலைந்து, பூதத்தோடு சண்டை போட்டு, வழியில் பார்க்கிறவர்களிடம் வம்பளந்து முன்னேறவேண்டும். மொத்தக் கதையும் முடிய 100 மணி நேரம்கூட ஆகுமாம். அதற்கப்புறம்?

"எக்ஸ்பான்ஷனுக்குக் காத்திருப்போம் மாமா. அதே கேமுக்குப் புதுசா ஒரு தேசம், புது வில்லன், புதுக் கதை சேர்த்து விடுவாங்க. அதுக்குத் தனியா காசு."

"ஓகோ... தீபாவளி மலர் மாதிரி!"

'எல்டன் ரிங்' என்று ஒரு கேம். 2022 பிப்ரவரியில் வந்தது. அதற்கு எக்ஸ்பான்ஷன் உண்டு என்று 2023 பிப்ரவரியில் ஒரே ஒரு படத்தைக் காட்டிச் சொன்னார்கள். கைக்கு வந்தது 2024 ஜூன் 21. நடுவில் 16 மாதம் அந்த ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு, மரம் ஏன் இப்படி வளைந்திருக்கிறது, குதிரைமேல் உட்கார்ந்திருப்பது யார் என்று இவன் செட் பையன்கள் ஜோசியம் பார்த்திருக்கிறார்கள். ஜாதகக் கட்டத்தைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

'விட்சர் 3' கம்பெனி 16 சின்னச் சின்ன சமாசாரங்களை இலவசமாகவே கொடுத்துவிட்டு, 2015-லும் 2016-லும் இரண்டு பெரிய எக்ஸ்பான்ஷனைக் காசுக்கு விற்றதாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இலவசம் என்றால் போனஸ் ஷேர். காசு கேட்டால் ரைட்ஸ் இஷ்யூ. பி.காம். என்றைக்காவது உதவும் என்று எங்கப்பா சொன்னது வீண்போகவில்லை.

"'பால்டர்ஸ் கேட் 3'தான் மாமா கழுத்தை அறுத்துடுச்சு" என்றான். 2023 ஆகஸ்ட்டில் வந்து சக்கைப்போடு போட்ட கேம். எக்ஸ்பான்ஷன் நிச்சயம் என்று எல்லோரும் நம்பியிருக்க, 2024 மார்ச்சில் கம்பெனித் தலைவர் ஸ்வென் விங்கே மேடையேறி, 'வேலையை ஆரம்பித்தோம். ஆனால் எங்களுக்கே மனசு ஒட்டவில்லை. நிறுத்திவிட்டோம்' என்கிற மாதிரி சொல்லிவிட்டார். அன்று ராத்திரி இவன் ரூமில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லையாம். பிறகு 2025 ஏப்ரலில் போனஸ் ஷேர் மாதிரி இலவசமாக 12 புது வீரர் வகைகளைக் கொடுத்து சமாதானம் செய்திருக்கிறார்கள்.

*

திருக்கழுக்குன்றம் வந்தது. மலைமேல் கோயில், கீழே சங்கு தீர்த்தம். அந்தக் குளத்தில் 12 வருடத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்பது ஐதீகம். கடலில் கிடைக்கவேண்டிய சங்கு நல்ல தண்ணீர்க் குளத்தில்! கரையில் கூட்டம் கூட்டமாகக் காத்திருப்பார்கள்.

"பாத்தியா? 12 வருஷம்! உங்காளுக்கு 16 மாசமே தாங்கலையே!" என்றேன்.

பையன் மலையைக் காட்டினான். "அங்க தினம் மத்தியானம் ரெண்டு கழுகு வந்து குருக்கள் கையால பொங்கல் சாப்பிடுமாமே... பாட்டி சொல்லுவாங்க. இப்ப வருதா?"

வருவதில்லை. பல வருடங்களாகவே இல்லை. எங்கள் வீட்டில் அம்மா மட்டும் பார்த்திருக்கிறாள். நாடு முழுக்கவே பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்துபோனதற்கு மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்துதான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்து, 2006-ல் அரசாங்கம் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. இருப்பதும் போய்விடும் என்பது எக்ஸ்பான்ஷனுக்குக் காத்திருப்பவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டிய சங்கதி.

பூஞ்சேரி தாண்டியது. 2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது இங்கேதான். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' கையெடுத்துக் கும்பிட்டதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள்.

"செஸ்ஸுக்கு எக்ஸ்பான்ஷனே கிடையாது. அதே 64 கட்டம். உலகம் இன்னும் ஆடிட்டுதானே இருக்கு?"

"மாமா... பாயின்ட்!" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால், வேலையை விடாதே என்ற பாயின்ட்டுக்கு நான் இன்னும் வரவே இல்லை.

*

அர்ச்சுனன் தபசு முன்னால் நின்றோம். சுமார் 30 மீட்டர் நீளப் பாறை முழுக்க தேவர், முனிவர், யானை, நாகம். பையன் நேராக ஓரிடத்துக்குப் போனான். ஒற்றைக் காலில் தவம் செய்கிற பூனை. சுற்றிலும் அதை நம்பிக் கும்பிடுகிற எலிகள்.

"என் கேம்ல முதல் கேரக்டர் இதான் மாமா."

விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் கல்லூரி நண்பர்கள் இருவரோடு ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறானாம். கதாநாயகன், பல்லவர் காலத்தில் உளி பிடிக்கக் கற்றுக்கொள்கிற ஒரு பையன். ராத்திரியானால் பாறை மிருகங்களுக்கு உயிர் வரும். பூனைதான் வேலை கொடுக்கும். நம்பினால் ஆபத்து!

"ஆபீஸ்ல பார்க்கிற மாதிரியே இருக்கே" என்றேன்.

மகிஷாசுரமர்த்தினி குகைக்கு அழைத்துப் போனான். ஒரு சுவரில் சிங்கத்தின்மேல் துர்க்கை, எருமைத்தலை அசுரனோடு யுத்தம். எதிர்ச் சுவரில் பாம்பணையில் பெருமாள், ஏகாந்தமான தூக்கம். இந்தப் பக்கம் ஒரே ஆர்ப்பாட்டம், அந்தப் பக்கம் நிசப்தம். புணேயில் ஒரு சின்ன குழு செய்த 'ராஜி' என்ற கேமிலும் துர்க்கையும் விஷ்ணுவும்தான் கதாநாயகிக்குத் துணையாம். 2017-ல் பொதுமக்களிடம் பணம் திரட்டப் பார்த்தார்கள், இலக்கை எட்டவில்லை. நிறுவனர்களில் ஒருவர் ஃப்ளாட்டை விற்றுச் சமாளித்து, 2020-ல் கேமை வெளியிட்டு, உலகம் முழுக்கப் பெயர் வாங்கினார்கள்.

"ஃப்ளாட்டை வித்த கதையை மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றேன் அவசரமாக. அக்கா வீடு சொந்த வீடு.

"'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்'ல 2022-ல இந்திய எக்ஸ்பான்ஷன் வந்துச்சு. ராஜேந்திர சோழன் அதுல இருக்கார். சோழர் வந்தாச்சு. பல்லவர் எப்ப மாமா வருவாங்க? யாரும் கொண்டுவரலேன்னா நான் கொண்டுவரேன்."

அவன் இதைச் சொன்னபோது குரலில் டெஸ்டர் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

*

ஐந்து ரதம். பஞ்ச பாண்டவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. நிழல் பார்த்து உட்கார்ந்து பேனாவை எடுத்தேன்.

"சேமிப்பு எவ்வளவு?"

"1,80,000."

"படிப்புக் கடன் தவணை?"

"7,200. ரூம் வாடகை என் பங்கு 5,000. சாப்பாடு, மத்ததெல்லாம் 8,000."

டிக்கெட்டின் பின்பக்கம் கூட்டினேன். மாதம் 20,200. ஒன்பது மாதம்கூட முழுசாக வராது. அவனும் அந்தக் கணக்கைப் பார்த்தான். ஏற்கெனவே போட்டுப் பார்த்த கணக்கு என்பது முகத்தில் தெரிந்தது.

"கேம் எவ்வளவு முடிஞ்சிருக்கு?"

"முதல் ஊர்... பாதி." அப்புறம் கண் மின்ன, "ஆனா எக்ஸ்பான்ஷன் பிளான் ரெடி மாமா! ஆறு!"

"ஆறா?"

"ஏழு கோயில் இருந்துச்சு, ஆறு கடலுக்குள்ள போச்சுன்னு சொல்றாங்கல்ல? கடற்கரைக் கோயில்தான் மெயின் கேம். மீதி ஒவ்வொண்ணும் ஒரு எக்ஸ்பான்ஷன்."

அட! ஐடியா நன்றாகத்தான் இருந்தது. அதுதான் ஆபத்து. சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். என் மேஜை டிராயரில் எட்டு அத்தியாயத்தோடு ஒரு நாவல் ஆறு வருடமாகத் தூங்குகிறது. அதன் இரண்டாம் பாகத்துக்கு மட்டும் தலைப்பு வைத்தாகிவிட்டது.

எதிரே பீம ரதம். மேலே கூரை, மாடம் எல்லாம் கச்சிதமாக இருக்க, கீழே அடிப்பாகம் கரடுமுரடாக நின்றது. இவற்றை மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சாரம் கட்ட வேண்டாம் பாருங்கள். வேலை நின்றபோது கால் முடியவில்லை. ஆனால், தலை முடிந்திருந்தது. மாமல்லபுரத்தில் சதுரம் சதுரமாகக் கோடு கீறி, குடைய ஆரம்பித்து, அப்படியே விட்டுவிட்ட பாறைகளும் உண்டு. அவற்றின் முன்னால் யாரும் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதில்லை.

நான் இதைச் சொல்லவில்லை. பையனே ரதத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

*

சாயங்காலம் கடற்கரைக் கோயில். ராஜசிம்ம பல்லவன் கட்டியது. 1,300 வருட உப்புக்காற்றில் சிங்கங்களின் முகம் கரைந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்துக்கே எக்ஸ்பான்ஷன் வந்துகொண்டுதான் இருக்கிறது. 1990-ல் மணலைத் தோண்டியபோது கோயிலை ஒட்டியே ஒரு சின்னஞ்சிறு சந்நிதியும் வராகமும் கிணறும் கிடைத்தன. 2002-ல் கடலில் முங்கிப் பார்த்தவர்கள், அடியில் சுவர் மாதிரிக் கட்டுமானங்களைக் கண்டார்கள். 2004 டிசம்பர் 26 காலை கடல் உள்வாங்கியபோது வரிசையாகப் பாறைகள் தெரிந்ததாகக் கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். அலை திரும்பிப்போன பிறகு, மணல் விலகிய இடத்தில் சிங்கமும் யானைத் தலையும் குதிரையும் வெளியே வந்தன. பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் சுனாமி வெளிக்காட்டிய ஒரு கல்வெட்டின் துப்பை வைத்துத் தோண்டியதில், 2005-ல் பழைய முருகன் கோயிலே கிடைத்தது. செங்கல் அடித்தளம் சங்க காலத்தையது என்கிறார்கள்.

ஆனால், அந்த ரைட்ஸ் இஷ்யூவுக்குக் கடல் வசூலித்த விலை? தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 உயிர். இங்கே மீன்பிடிக் குப்பத்தில் நின்றுகொண்டு, "இன்னொரு கோயில் எப்போ வரும்?" என்று ஆசையாகக் கேட்க வாய் வராது.

"கல்கிக்கு 'சிவகாமியின் சபதம்' ஐடியா வந்தது இந்த மணல்லதான்" என்று பேச்சை மாற்றினேன். ரசிகமணி டி.கே.சி.யோடு நிலவில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், 'பார்த்திபன் கனவு' முதலில் வந்துவிட்டது. அதற்கு முந்தைய கதையான 'சிவகாமியின் சபதம்' பின்னால் வந்தது. 'பொன்னியின் செல்வன்' 1954-ல் முடிந்தபோது வாசகர்கள் விடவில்லை. அவர் ஆனானா, இவள் என்னவானாள் என்று துளைத்தார்கள். கல்கி ஒரு முடிவுரையில் கொஞ்சம் பதில் சொல்லிவிட்டு, மேலே எழுத ஆசைப்படுகிறவர்கள் எழுதட்டும் என்று வழிவிட்டார். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார்.

"எக்ஸ்பான்ஷன் கேட்ட முதல் கோஷ்டி உங்க செட் இல்லேடா. எங்க பாட்டி செட்!"

பையன் சிரித்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "முதல்ல அஞ்சு பாகமும் முடிஞ்சதாலதானே மாமா கேட்டாங்க."

நான் கடலைப் பார்த்தேன். அவனும் கடலைப் பார்த்தான்.

"வேலையை இப்ப விடலை. முதல் ஊரை மட்டும் முடிச்சு வெளியில விடறேன். பூனை, எலி, அந்தப் பையன். அவ்ளோதான். அது நாலு பேருக்குப் பிடிச்சு, அடுத்தது எப்போன்னு கேட்டாங்கன்னா... அப்ப அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்."

"அந்த ஆறு கோயில்?"

"கடலுக்குள்ளயே பத்திரமா இருக்கட்டும் மாமா. 1,300 வருஷம் இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் இருக்காதா?"

ராத்திரி அக்காவுக்கு போன் செய்து, "வேலையை விடமாட்டான்" என்றேன்.

"நீ சொன்னா கேப்பான்னு எனக்குத் தெரியும்டா! என்ன சொன்னே?"

உண்மையில் நான் ஒன்றுமே சொல்லவில்லை. பி.காம்.முக்கும் இதில் பங்கில்லை. செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸுக்கும் உள்ளே டிக்கெட்டுக்கும் கொடுத்த காசுக்கு பல்லவர்களே பேசிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்தேன். அந்த இரண்டாம் பாகத்துத் தலைப்பை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒன்பதாம் அத்தியாயம் என்று எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்பதுதான் தெரியவில்லை!