செவலையின் தட்டு

செவலை முதலில் விட்டது காலைப் பாலை. கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் வாரம் அது. சேர்க்கைப் பணி, கால அட்டவணைச் சண்டை என்று அலைந்துகொண்டிருந்ததால் நான் கவனிக்கவில்லை. அம்மாதான் சொன்னாள்: “பால் அப்படியே ஆடை கட்டிக் கெடக்கு. எறும்பு மொய்க்குது பாரு.” கும்பகோணத்து ஆனி மாத வெக்கையில் மனிதர்களுக்கே வாய்க்கு ஒன்றும் பிடிப்பதில்லை, நாய்க்கு மட்டும் பிடிக்குமா என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன். அடுத்த வாரம் இட்லியை விட்டது. அதற்கடுத்த வாரம் தயிர்ச்சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, ஏதோ தவறு செய்துவிட்டதைப்போல் தலையைத் தாழ்த்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

‘அது’ என்று எழுதுவது இலக்கணம் கற்பிக்கிறவளின் கைப்பழக்கம். வீட்டில் அவன்தான். உவப்பினால் வரும் திணை வழுவமைதி என்று வகுப்பில் நடத்தும்போது பசுவை அம்மை என்று அழைப்பதை எடுத்துக்காட்டாகச் சொல்வோம். உவப்பினால் மட்டுமன்று, அச்சத்தினாலும் திணை மாறும் என்பதை இந்த ஐந்து மாதங்களில் கண்டுகொண்டேன். இனி அவன் என்றே எழுதுகிறேன்.

2012 கார்த்திகை மழையில் எங்கள் வாசல் திண்ணைக்குக் கீழே ஒண்டியிருந்த குட்டி அவன். நாட்டு நாய், செம்மண் நிறம், மார்பில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை. பெயர் வைத்தது அப்பா. நான் சங்க இலக்கியத்திலிருந்து நான்கைந்து பெயர்களை எடுத்து வைத்திருந்தேன். அவர், “செவலையா இருக்கு, செவலைன்னு கூப்பிட்டா வந்துட்டுப் போவுது” என்று முடித்துவிட்டார். அப்பாவுக்கு எதிலும் உரையாசிரியர்கள் தேவைப்பட்டதில்லை.

முதலில் காட்டிய இடத்தில் உண்ணிக் காய்ச்சல் என்று ஊசி போட்டார்கள். நாட்டு நாய்களுக்கு அது வருவது வழக்கம்தான் என்பதால் நம்பினோம். பத்து நாள் போயிற்று. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் இளைஞர். அவர் ஊசியை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: “தண்ணி நெறைய குடிக்கிறானா, மேடம்?” ஆமாம், நன்றாகக் குடிக்கிறான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். எத்தனை மாதமாக என்றார். யோசித்துப் பார்த்தால் பொங்கலுக்கு முன்பிருந்தே. முன்பு ஒரு நாளைக்கு ஒருமுறை நிரப்பிய கிண்ணத்தை மூன்றுமுறை நிரப்பிக்கொண்டிருந்தோம். இரவில் இரண்டு தடவை எழுந்து கதவைப் பிறாண்டி வெளியே போய்வந்தான். வயதாகிவிட்டது, தூக்கமில்லை என்று நாங்களே காரணம் கற்பித்துக்கொண்டோம். அதுதான் சிறுநீரகம் கெடுகிறது என்பதன் முதல் அறிகுறியாம். கழிவைச் செறிவாக்கி வெளியேற்றும் திறன் போய்விடுவதால் நீராக வெளியேறுகிறது; அந்த இழப்பை ஈடுகட்ட உடல் மேலும் தண்ணீர் கேட்கிறது. சிறுநீரகத்தில் முக்கால் பங்கு வேலை நின்றபிறகே இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் தெளிவாக ஏறும் என்றார். செவலைக்கு 4.6 இருந்தது. ஒன்றரையைத் தாண்டினாலே நாய்களுக்குக் கவனிக்க வேண்டும். பதினெட்டு கிலோ இருந்தவன் பதினான்கரைக்கு வந்திருந்தான்.

பசியின்மை என்ற சொல் தவறு என்பது அதன்பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவனுக்குப் பசி இருந்தது. அம்மா அடுப்படியில் கருவாட்டை வறுத்தால் எழுந்து வந்து நிலைப்படியில் நிற்பான், எச்சில் ஒழுகும், தட்டை வைத்தால் குனிவான், நாக்கை நீட்டுவான், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வான். வெளியேறாத கழிவு இரத்தத்தில் தேங்கி ஓயாத குமட்டலைத் தருகிறது, வயிற்றில் அமிலம் கூடுகிறது, வாய்க்குள் புண் வருகிறது. ஒழுகிய எச்சில்கூட ஆசையினால் மட்டும் ஒழுகியதன்று, குமட்டலுக்கும் எச்சில் ஊறும். நான் அதைப் பார்த்துவிட்டு, “நாக்கு ஊறுது, இன்னிக்குத் தின்னுடுவான்” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு சமையல் தொடங்கியது. எங்கள் வீட்டில் எந்த மாப்பிள்ளைக்கும் இப்படி ஆக்கிப் போட்டதில்லை. நாய் நாக்கைவிட மூக்கால்தான் உண்கிறது. அதன் நாவில் சுவை மொட்டுகள் நம்மைவிட மிகக் குறைவு. அதனால் சோற்றைக் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தால் மணம் எழும் என்றார் மருத்துவர். கோழியை வெங்காயம் பூண்டு இல்லாமல் வேகவைத்து (இரண்டும் நாய்க்கு நஞ்சு என்பதைப் பதின்மூன்று வருடம் அறியாமல் சாம்பார் சாதம் போட்டு வளர்த்திருக்கிறோம்), நீரை வடித்து, குழைந்த பச்சரிசிச் சோற்றில் பிசைந்து வைத்தோம். இரண்டு நாள் தின்றான். மூன்றாம் நாள் நான் அதிபுத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். மாத்திரையைப் பொடித்துக் கோழிக்குள் வைத்துக் கொடுத்தேன். கசப்பு பட்டதும் துப்பினான். அன்றோடு கோழி முடிந்தது. வேகும் வாசனை வந்தாலே எழுந்து கொல்லைக்குப் போய்விடுவான். குமட்டலோடு இருக்கும் விலங்குக்கு எந்த உணவை வற்புறுத்தினாலும் அந்த உணவையே நோய்க்குக் காரணமாக அது நினைவில் வைத்துக்கொள்ளும் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு முட்டை, மத்தி மீன், ஈரல், மாரி பிஸ்கட் என ஒவ்வொன்றாக அவன் நினைவில் ஏறி ஒவ்வொன்றாகக் கதவடைத்தன.

அம்மா தன் பங்குக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை, கண்ணேறுதான் என்றாள். அந்த வயதில் அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. எனக்கும்தான், என்னுடையதன் பெயர் கிரியாட்டினின்.

ஒரு பழைய வருகைப் பதிவேடு என்னிடம் இருந்தது. அதன் பின்பக்கத்தில் அவன் உண்டதைக் குறிக்க ஆரம்பித்தேன். ஆடி 12: அரை இட்லி. ஆடி 13: ஒன்றுமில்லை. ஆடி 14: முட்டை மஞ்சள்கரு, வாந்தி. வகுப்பில் வருகை எடுத்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவிடமிருந்து அழைப்பு வரும். எடுத்தவுடன் அவள் நலம் விசாரிப்பதில்லை. “ரெண்டு கவளம்” என்பாள். அல்லது ஒன்றும் சொல்லாமல் மூச்சு விடுவாள். அந்த இரண்டு கவளத்தில் எனக்கு அன்றைய பொழுது வெளுக்கும். மாணவிகளிடம் சிரித்துப் பேசுவேன். அந்த மூச்சு வந்த நாளில் எவளாவது தாமதமாக வந்தால் தொலைந்தாள். ஒரு பெண் என்னிடம் நேராகவே கேட்டாள், “அம்மா, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?” நாய்க்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம், என் தம்பிக்கு என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தம்பி கிடையாது.

ஆவணி மாதம் ஊசிக்குழலில் கஞ்சி புகட்டத் தொடங்கினேன். ஊசியில்லாத பெரிய குழல். கடைவாயோரம் நுழைத்து மெதுவாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். அம்மா தலையைப் பிடித்துக்கொள்வாள். நான்கு நாள் பொறுத்துக்கொண்டான். ஐந்தாம் நாள் என்னைப் பார்த்து உறுமினான். பதின்மூன்று வருடத்தில் முதல்முறை. உறுமிவிட்டு, அதற்காக வருந்துகிறவனைப்போல் என் புறங்கையை நக்கினான். அன்று இரவு அம்மா, “விட்டுடேன். உங்கப்பாவுக்குப் பண்ணினது போதாதா?” என்றாள்.

2016-இல் அப்பா மருத்துவமனையில் இருந்த கடைசி மூன்று வாரங்களில் மூக்கு வழியே குழாய் போட்டு உணவு கொடுத்தார்கள். அவர் இரண்டுமுறை அதைப் பிடுங்கிப் போட்டார். மூன்றாம் முறை போடுவதற்கு ஒப்புதல் கையெழுத்து கேட்டார்கள், நான்தான் போட்டேன். கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டிவைத்தார்கள். அம்மா வேண்டாம் என்று சொன்னது எனக்குக் கேட்டது. படிக்காதவள், பயப்படுகிறாள் என்று அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. செவலையின் வாயோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டே அவள் அதைச் சொன்னாள், கோபமில்லாமல்.

அந்த வாரம் முதுகலை வகுப்பில் புறநானூற்று எழுபத்து நான்காம் பாட்டு வந்தது. திட்டமிட்டதல்ல, பாடத்திட்டத்தின் வரிசை. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் தோற்று, குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்து, தண்ணீர் கேட்டு, அது உடனே வராமல் தாமதித்து வந்தபோது கையில் வாங்கியும் பருகாமல் சொல்லித் துஞ்சிய பாட்டு என்று அதன் அடிக்குறிப்பு கூறுகிறது. பொய்கையார் களவழி பாடி அவனைச் சிறைவீடு செய்தார் என்று இன்னொரு மரபும் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. குடவாயில் இன்றைய குடவாசல் என்பதே பெருவழக்கு. எங்கள் ஊரிலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் இருக்கிறது. என் மாணவிகளில் மூவர் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

இருபது வருடமாக இந்தப் பாட்டை மானம் என்ற ஒற்றைச் சொல்லில் கட்டி நடத்திக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு அது போதும். பாட்டின் நடுவில் ஒரு நாய் வருகிறது. சங்கிலியில் பிணைக்கப்பட்ட ஞமலி போலத் தன்னை இருத்தி வருத்தினார்கள் என்கிறான் அரசன். ஞமலி என்றால் நாய் என்று பொருள் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போவதே என் வழக்கம். அன்று அங்கேயே நின்றுவிட்டேன். மறுத்தவன் அரசன் என்பதால் அது மானமாயிற்று. உவமையாக வந்த நாய் தண்ணீரை மறுத்ததா குடித்ததா என்று யாரும் கேட்கவில்லை. உணவை மறுக்கும் உரிமை கோப்பெருஞ்சோழனுக்கும் அவனைத் தேடிவந்து உடன் வடக்கிருந்த பிசிராந்தையாருக்கும் உண்டு. மறுத்தால் கல் நட்டோம், பாடினோம். என் அப்பா மறுத்தபோது கையைக் கட்டினோம். இதை வகுப்பில் சொல்லவில்லை. தொண்டை அடைத்தது. சுண்ணக்கட்டி எடுத்துவரச் சொல்லி ஒருத்தியை அனுப்பிவிட்டு ஜன்னலோரம் நின்றேன்.

செவலையின் மறுப்பை வடக்கிருத்தலாக்கிப் பார்ப்பதும் ஒருவகை ஏமாற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் எதையும் துறக்கவில்லை. அவனுக்குக் குமட்டுகிறது, அவ்வளவுதான். இலக்கியம் படித்தவர்களுக்கு எந்த நோயையும் உவமையாக்கிவிடும் நோய் உண்டு. குமட்டலைக் குறைக்க மாத்திரை இருந்தது. அதை உணவில் ஒளிக்காமல், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னால், வாயைத் திறந்து நேராகப் போட்டுவிட்டால் பிறகு சோற்றின்மேல் பழி விழுவதில்லை. பிடரித் தோலைத் தூக்கி அதனடியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருநூறு மில்லி சலைன் ஏற்றுவதற்கு அந்த இளம் மருத்துவர் எனக்கே கற்றுக்கொடுத்தார். தோலுக்கடியில் ஒரு சிறு முண்டாகத் தேங்கி, சில மணி நேரத்தில் உடலில் கலந்துவிடும். முதல் ஊசியில் என் கை நடுங்கியது, அவன் நடுங்கவில்லை. பாஸ்பரஸ் குறைந்த உணவு, அளந்த புரதம் என்ற பட்டியலெல்லாம் ஒருகட்டத்துக்குமேல் எடுத்துவைக்க வேண்டியதுதான் என்றும் அவர் சொன்னார். “இனிமே எதைத் தின்னாலும் சரி, மேடம். தின்னா போதும்.”

புரட்டாசிக் கடைசியில் கிரியாட்டினின் ஆறைத் தாண்டியது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கியிருந்தன. அவன் வலியோடு இருக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றும் நாளில் சொல்லுங்கள், தூங்கவைத்துவிடலாம் என்றார் எங்கள் மருத்துவர். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவனுக்குப் பிடித்த மூன்று காரியங்களை எழுதிக்கொள்ளுங்கள், மூன்றில் இரண்டை அவன் விட்டுவிட்டால் தெரியும் என்றார். வாசல் தெளிக்கும்போது அம்மாவின் கூடவே நிற்பது, என் பேருந்துச் செருப்பை மோந்து பார்ப்பது, மாலையில் பால்காரரின் வண்டிச் சத்தத்துக்கு ஒரே ஒரு குரைப்பு. பதிவேட்டில் உணவுக்குப் பதிலாக இப்போது இவற்றைக் குறிக்கிறேன். குரைப்பு ஐப்பசி 3-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. மற்ற இரண்டும் இதை எழுதும்வரை இருக்கின்றன.

தட்டை அவன் முன்னால் கொண்டுபோய் வைத்துக் கெஞ்சுவதை நிறுத்திவிட்டோம். வேளைக்கு வைக்கிறோம், அரைமணி கழித்து அம்மா பேசாமல் எடுத்துவிடுகிறாள். நேற்று அவள் தின்றுகொண்டிருந்த பொரியிலிருந்து நான்கைந்தைத் தானே வந்து பொறுக்கினான். அவள் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் பதிவேட்டோடு வந்து நின்றுவிடுவேன் என்று பயந்திருக்கிறாள். இரவு படுக்கும்போதுதான் சொன்னாள்.

அவன் இப்போது என் கட்டிலடியில் படுக்கிறான். இரவு இரண்டு மணிவாக்கில் தாகத்துக்கு எழுவான். பின்கால்கள் தள்ளாடுகின்றன, அடுப்படிக் கிண்ணம்வரை நடப்பதற்குள் நடுவில் ஒருமுறை உட்கார்ந்துவிடுகிறான். அதனால் ஒன்றரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன். எழுந்து, பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பானையிலிருந்து புதிதாக மொண்டு, அவன் கண் விழிப்பதற்குள் முகத்தருகே வைத்துவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்கிறேன். இருட்டில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்பதில்லை. பிறகு அவன் நக்கிக் குடிக்கும் சத்தம் கேட்கிறது.